யாரும் வாங்காத வரி

திருத்தணிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அந்த ஊரில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புருஷன் என்று எழுதினால் அவர் சந்தோஷப்படுவார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது ஒரு பாட்டுக்காரரின் குரல்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் தெருவிலிருந்து ஒரு பஜனை கோஷ்டி மலையேறும். முன்னால் அந்தப் பாட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் டோலக்கை மாட்டிக்கொண்டு என் மாமனார். பின்னால் நாங்கள், பெண்களும் ஆண்களுமாக ஒரு தெருக்கூட்டம். மற்ற கோஷ்டிக்காரர்கள் சினிமா மெட்டில் முருகனைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் தானே கட்டி தானே மெட்டுப் போட்டுப் பாடுவார். ரேடியோவில் வராத பாட்டு, இசைத்தட்டில் இல்லாத பாட்டு, எங்களுக்கு மட்டுமே தெரிந்த பாட்டு. அந்தக் கர்வமே தனி. துபாயிலிருந்து வந்த ஒருவரின் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்த கேசட் ஒன்று வீடு வீடாகச் சுற்றி, எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது பாதிப் பாட்டுக்கு இரைச்சல்தான் மிச்சம் இருந்தது. அதையும் கேட்டு அழுதிருக்கிறேன். ரயிலடி டீக்கடைப் பையன்கள் அவருக்கு மன்றம்கூட வைத்திருந்தார்கள். சினிமா நடிகருக்கு இருப்பதுபோல, போர்டு எழுதி, மாலை போட்டு.

கோஷ்டியில் பாடும் முறையைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். பின்னால் வரும் நாங்கள் அதே வரியை வாங்கிப் பாடுவோம். நாங்கள் வாங்கி முடித்த பிறகுதான் அவர் அடுத்த வரிக்குப் போவார். வாங்க ஆள் இல்லையென்றால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வரி அவர் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் பிடுங்கிக்கொள்ளும் கூட்டம் நாங்கள். டோலக்கில் மாமனார் கை விழுந்ததும் மூச்சிரைப்பு மறந்து, படி மறந்து, கால் தானாக ஏறும்.

மாமனாரை என்னவென்று சொல்வது! எங்களுக்கெல்லாம் மேல் பைத்தியம் அவர்தான். பாட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் தறியை நிறுத்திவிட்டு ஓடுவார். பெற்ற பிள்ளைக்கு நிறுத்தாத தறி. வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடின. என் மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டிருந்தார். மாமனார், என் புருஷன், என் நாத்தனார், நான், இவ்வளவுதான் குடும்பம். வீட்டில் பாதி தெலுங்கு. நாத்தனார் அப்பாவை நைனா என்பாள், அண்ணியான என்னை வதினா என்பாள். எனக்கு அவள் நாத்தனார் என்கிற நினைப்பே வந்ததில்லை. இருபது வயது, நல்ல குரல், நல்ல வாய், எதிர்ப்பேச்சில் எனக்குச் சரியான ஜோடி. இட்லி என்றால் ஆறு ஏழு உள்ளே தள்ளிவிட்டு, "அவ்ளோதானா வதினா?" என்று தட்டைத் தூக்கிக் காட்டுவாள்.

அந்தக் குரலைப் பார்த்துத்தான் பாட்டுக்காரர், புதுப் பாட்டில் மேல் ஸ்தாயி வரிகளை அவளைப் பாட வைக்கிறேன், மத்தியானத்தில் வீட்டுக்கு வந்து பழகட்டும் என்றார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கொஞ்சம் தயங்கினாள். "தறி வேலை கீதே நைனா" என்றாள்.

"தறி எங்க பூடப்போவுது? அவரு வாயால சொல்லிக் குடுக்கறேங்கறாரு, யாருக்குக் கெடைக்கும்? போம்மா" என்று அவரே செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். கூட இன்னும் இரண்டு பெண்கள் போவதாக ஏற்பாடு.

ஒருநாள் அவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். நான் தறியோரம் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் கண்டு. அவள் கையில் ஜால்ராவை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்துப் போயிருந்தது. எதிரே வந்து நின்று பேச ஆரம்பித்தாள். பவர்லூம் ஓடும் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறிவீட்டுக்காரர்கள் எல்லோரும் எதிராளியின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். சத்தமே இல்லாமல் அவள் வாய் மட்டும் அசைந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

மற்ற இரண்டு பெண்களையும் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். இவள் உட்கார்ந்ததும் கதவைத் தாழ் போட்டிருக்கிறான். மூச்சை எங்கே பிடிப்பது என்று காட்டுகிறேன் என்று சொல்லிக் கையை வைத்திருக்கிறான். இவள் எழுந்ததும் இழுத்திருக்கிறான். இவள் கையில் இருந்த ஜால்ராவால் அவன் நெற்றியில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத் தாழை நீக்கி ஓடி வந்திருக்கிறாள். இதுவரைக்கும் அவர், அவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இனி என் கைக்கு அது வராது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாசமாய்ப் போகிறவன், கட்டையில் போகிறவன் என்று என் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தறிச்சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவளை அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் நினைவு வந்து திரும்பிப் பார்த்தேன். அந்தக் கோடித் தறியில் மாமனார் அறுந்த இழையைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அப்பாடா, பார்க்கவில்லை என்று இருந்தது. அந்தத் தறி வெகுநேரம் ஓடாமலே நின்றது. இழை ரொம்பத்தான் அறுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தேன். அங்கேதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஊர்ல இன்னா வேணா பேசட்டும் வதினா. எனக்குக் கவல இல்ல. நைனா மட்டும் என்னப் பாத்து, ஏம்மா அவரு மேல பழி போடறேன்னு கேட்டுட்டாருன்னா... அதோட நான் செத்தேன்னு வெச்சிக்க. அந்தாளுன்னா அவருக்கு உசுரு."

எனக்கும் அதே பயம்தான். அவளைத் தேற்றுகிற மாதிரி, "உன்ன நம்பாம எப்புட்றி" என்றேன்.

மறுநாள் மாமனார் சாப்பிட்டு எழுந்ததும் நானே சொன்னேன். மருமகள் வாயால் மாமனாரிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? தரையைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொல்லி முடித்தேன். கை கழுவினார். டோலக்கை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்தார், மறுபடியும் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாடு நின்றது. நான் ஊட்டாத குறை. இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

என் புருஷன் நகரிக்கு நூல் எடுக்கப் போயிருந்தார். வந்ததும் சொன்னேன். அவனை ரயிலடியில் வைத்து வெட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "நீ அவன வெட்டிட்டு உள்ள போயிடு, இங்க ஊரு உன் தங்கச்சியப் பேசும்" என்று நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். ஆனால் என் வாயை யார் பிடித்து உட்கார வைப்பது? அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த அக்கா ஒருத்தி, கோஷ்டிப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவளிடம் போய்க் கொட்டிவிட்டேன்.

பூ கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அவரு நாக்குல முருகன் கீறாருடி. அந்த வாய வெச்சிகினு அப்பிடி பண்ணுவாரா?"

"வாய வெச்சிகினு பண்ணலக்கா, கைய வெச்சிகினு பண்ணான்" என்றேன்.

அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். நான் கோபத்தோடு வந்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் தெரு பேசியதைக் கேட்க வேண்டுமே! மன்றத்துப் பையன்கள், பாட்டில் முன்வரி கொடுக்கவில்லை என்கிற கோபத்தில் அந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்றார்கள். அவரை இவள்தான் சுற்றிச் சுற்றி வந்தாள் என்றான் ஒருவன். அவன் என் வீட்டில் எத்தனை நாள் காப்பி குடித்தவன்! குளக்கரையில் ஒரு பெண், "அவரு பண்ணாரோ இல்லியோ, பாட்டு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரி தன் கேசட்டை எறியவும் மனசில்லாமல், போடவும் மனசில்லாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைக்குக் கீழே வைத்துவிட்டதாக என் காதில் சொன்னாள். அவளை நான் திட்டவில்லை. அவன் பாட்டு என் வாயிலும்தான் வந்துகொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது தானாக வரும். சீ என்று நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும். அழுகை அழுகையாக வரும் எனக்கு. இத்தனை நாள் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷத்தையும் அல்லவா அந்தப் பாவி கெடுத்துவிட்டான்.

இதற்கிடையில் நெற்றிக் காயத்துக்கு அவன் ஒரு கதை சொன்னான். தனியாக மலையேறும்போது உருகிப் பாடி, தன்னை மறந்து விழுந்து, பாதி வழி மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு படியில் நெற்றி மோதிவிட்டதாம். அடப்பாவி! எங்கள் ஊரில் படி என்றாலே சாமி. வேண்டிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுபவர்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. எந்தப் படி என்று யாரோ கைகாட்ட, அந்தப் படிக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும் குவிந்தது. கர்ப்பூரம் ஏற்றினார்கள். நெற்றியை அதில் ஒற்றிக்கொண்டார்கள். என் நாத்தனார் ஜால்ராவால் போட்ட போடு, ஊருக்குத் தெய்வ அடையாளம் ஆகிவிட்டது. இதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மாமனாரையும் அந்தப் படியருகில் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாராம். தினமும் சாயங்காலம் தறியை நிறுத்தியதும் அவர் எங்கோ போய்க்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அவன் வீட்டுக்குத்தான் போகிறார், சமாதானம் பேசுகிறார், கடைசியில் இவளை அவன் காலில் விழச் சொல்லப்போகிறார் என்று நானே நினைத்து நானே வெந்துகொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கும் அதே நினைப்புதான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

கிருத்திகை வந்தது. விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு மாமனார் கூடத்தில் நின்றார். டோலக் கழுத்தில் இருந்தது.

"கெளம்புங்க. ரெண்டு பேரும்" என்றார்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல மாமா" என்றேன்.

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல. ஜால்ராவ எடுத்துகினு வரச் சொல்லு."

அவள் என் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. "வுட்டுப் போயிடாத வதினா" என்றாள். எங்கே விடுவது? மாமனார் மட்டும் அவளை அவன் காலில் விழச் சொல்லட்டும், அந்த மலையிலேயே அவரை நான் கேட்காத கேள்வி கேட்டுவிட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு அம்மையார்குப்பத்தில் என் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

அடிவாரத்தில் கோஷ்டி காத்திருந்தது. பூக்கடை அக்கா இருந்தாள், மன்றத்துப் பையன்கள் இருந்தார்கள். அவன் முன்னால் நின்றான். நெற்றிக் காயத்தின் மேல் விபூதியை அப்பியிருந்தான். எங்களைப் பார்த்து, வந்துவிட்டாயா என்பது மாதிரி ஒரு சிரிப்பு. மாமனார் வழக்கம்போல அவன் பக்கத்தில் போய் நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கீழ்ப்படிகளில் அரோகரா மட்டும் போட்டுக்கொண்டு ஏறினோம். பாட்டை மண்டபத்துக்குக் கீழே தொடங்குவதாக அவனே ஏற்பாடு செய்திருந்தான். அந்தப் படி வந்தது. மஞ்சள் வழிந்து கீழ்ப்படிவரை இறங்கியிருந்தது. அவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி, புதுப் பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தான். பொய் சொல்ல மாட்டேன், குரல் என்னவோ அன்றைக்கும் தேனாகத்தான் இருந்தது.

டோலக் பேசவில்லை.

பின்னாலிருந்து இரண்டு மூன்று பையன்களின் குரல் கிளம்பியது. தாளம் இல்லாமல் தடுமாறி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே அடங்கிவிட்டது. நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். வாயசைவைப் படித்துப் பழகிய கண் அல்லவா? ஒரு வாய்கூட அசையவில்லை. பூக்கடை அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அதே வரியை இன்னும் ஓங்கிக் கொடுத்தான். யாரும் வாங்கவில்லை. எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த காவடிக்காரர்களின் கால்சலங்கைதான் கேட்டது. "இன்னா ஆச்சு, தட்டுங்க" என்று அவன் மாமனாரிடம் சொன்னான். மாமனார் இரண்டு கையையும் டோலக்கின் மேல் வைத்தபடி அவனைப் பார்த்தார். அவன் முகம் வெளிறிப்போவது தெரிந்தது.

அப்புறம் மாமனார் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கூட்டத்துக்குள் தேடி, என் பக்கத்தில் ஒடுங்கி நின்றவளைப் பார்த்தார்.

"நீ எடும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவே இல்லை. நான்தான் முதுகில் ஒன்று வைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை, சின்னப் பிள்ளைகள்கூடப் பாடுவதை, அவள் எடுத்தாள். முதல் சொல் வெறும் காற்றாக வந்தது. இரண்டாவது சொல்லில் குரல் கிடைத்தது. வரி முடிவதற்குள் டோலக் விழுந்தது பாருங்கள்! அத்தனை நாள் பூட்டி வைத்த அடி. கூட்டம் அந்த வரியை அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. என் வயிற்றில் பால் வார்த்தது. நான் பாடினேன் என்று சொல்ல முடியாது, கத்தினேன். அவனைச் சுற்றிக்கொண்டு கோஷ்டி மேலே ஏறியது. திரும்பிப் பார்த்தபோது அவன் அந்த மஞ்சள் படிக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். மன்றத்துப் பையன்களில் ஒருவன் மட்டும் அவனோடு நின்றான்.

அவன் அதற்கப்புறம் வேறு ஊரில் வேறு கோஷ்டி சேர்த்துப் பாடினான், மாலையும் வாங்கினான். எல்லாருக்கும் எல்லாமும் அங்கேயே தீர்ந்துவிடவில்லை. ஆனால் எங்கள் தெருவில் அவன் குரல் அதோடு சரி.

தரிசனம் முடிந்து இறங்கும்போது பூக்கடை அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "உங்க மாமனாரு சாயந்தரத்துக்குச் சாயந்தரம் ஊடு ஊடா வந்தாருடி. மன்றத்துப் பசங்க ஊட்டுக்குக்கூடப் போனாராம். ஒண்ணியும் கேக்கல. எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா, கிருத்திகைக்கு நான் டோலக்குல கைய வெக்கமாட்டேன், நீங்க உங்க இஷ்டம்னு சொல்லிட்டுப் பூட்டாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் தங்கச்சி ஏன் கோஷ்டிக்கு வர்றத நிறுத்துனான்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது" என்றாள்.

இந்த மனுஷரையா நான் அப்படி நினைத்தேன்!

அந்தப் படிக்கு வந்ததும் மாமனார் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். குனிந்து அதன் மேல் குவிந்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்தார். ஏறி வந்த ஒரு கிழவர், "ஐயோ, அது சாமிங்க" என்றார். "எல்லாப் படியும் சாமிதாங்க. இது மட்டும் இன்னா?" என்று சொல்லிக்கொண்டே மற்றப் படிகள் மாதிரி ஆகும்வரை துடைத்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ அன்னைக்கி வதினாவாண்ட சொல்லும்போதே பாத்துட்டேன்மா" என்றார். "ஒன் வாயத்தான் பாத்துகினு இருந்தேன்."

எனக்கு அந்தக் கோடித் தறியும், ஓடாமல் நின்ற நேரமும் கண்முன் வந்தது. தறிச்சத்தத்தில் ஒளிந்து பேசுவதாக நினைத்தோமே, முப்பது வருஷம் தறிவீட்டில் வாயசைவு படித்தவர் எதிரில்!

"அப்ப ஏன் நைனா பேசல?" என்றாள் அவள்.

"நான் தானே அனுப்பிச்சேன். செருப்ப எடுத்து வெச்சேனே இந்தக் கையால. எந்த மூஞ்ச வெச்சிகினு உங்கிட்டப் பேசறது?" துடைத்த துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் மஞ்சள் ஆகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "நல்லா கீது மாமா! ஊருல கீற ஊட்டுக்கெல்லாம் போயி சொல்லத் தெரிஞ்சிது. சோறு தண்ணி இல்லாம ஊட்டுக்குள்ள கெடந்தவளாண்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலயா? நாங்க ரெண்டு பேரும் பயந்தே செத்தோமே!" என்று அத்தனை பேருக்கும் நடுவில் மாமனார் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "ஆங்... தப்புதான், தப்புதான்" என்றார்.

அவள் முதலில் அழுதாள். அப்புறம் அவர் மஞ்சள் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக அவர் பக்கத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து, அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ, ஏறுபவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வதினா, பசிக்குது."

நான் அவளுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடிவாரத்து இட்லிக்கடை மூடுவதற்குள் போய்விட வேண்டுமே என்று படியிறங்கி ஓடினேன்.